வீட்டுப் பழுதும் பெற்றோர் பாடமும்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. வீடு கட்டுவதன் அருமையை இது நன்கு உணர்த்துகின்றது. ஆனால் கட்டிய வீட்டைக் கெடாமல் காத்து வருவதும் அதற்குக் குறைந்த காரியமன்று. வீடு கட்டி முடிந்த அன்றே தேய்மானமும் தொடங்கிவிடுகின்றது. மழைக்காலத்தில் கதவு உப்புகின்றது, கீல் துருவேறுகின்றது, குழாய் சொட்டுகின்றது, சுவரில் விரிசல் ஓடுகின்றது. இத்தகைய சிறு பழுதுகளை உடனுக்குடன் நீக்கும் கைத்திறனைப் பற்றியும், அத்திறன் பெற்றோரிடமிருந்து மக்களுக்கு எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதைப் பற்றியும் இங்கே சிறிது ஆராய்வோம்.

சொந்த ஊரில் இருந்தவரை நம் முன்னோருக்கு இது பெருங்கவலையாக இருந்ததில்லை. தச்சரும் கொல்லரும் கொத்தரும் ஊரிலேயே வாழ்ந்தனர். அறுவடைக் காலத்தில் களத்து நெல்லில் அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஆண்டு முழுவதும் ஏரும் கதவும் அவர்கள் பொறுப்பு. பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்ற குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு கிடையாது. வாடகை வீடு, புதிய மொழி, கையில் எண்ணிச் செலவிட வேண்டிய சம்பளம் என்னும் மூன்றும் சேர்ந்தபோது, வீட்டுத் தலைவரே சுத்தியலைக் கையில் எடுக்க வேண்டியவரானார். அவருக்கு அருகில் நின்று விளக்குப் பிடித்த பிள்ளையே அவருடைய மாணாக்கர்.

இதற்குப் பெங்களூர் நகரம் நல்லதோர் எடுத்துக்காட்டு. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மாற்றி இங்கே தண்டு அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து தமிழ் மக்கள் பலரும் வந்து குடியேறினர். கட்டட வேலைக்கும் வண்டி ஓட்டுவதற்கும் வாணிகத்துக்கும் வந்த அவர்கள், அல்சூரிலும் இன்று சிவாஜி நகர் என வழங்கும் பகுதியிலும் வேரூன்றினர். பின்னர் 1884-இல் தோன்றிய பெங்களூர் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை பல குடும்பங்களுக்கு வேலை தந்தது. 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் இந்துஸ்தான் இயந்திரக் கருவித் தொழிற்சாலையும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இந்நகரில் எழுந்தன. அவற்றிலும் தமிழர் பலர் பிட்டராகவும் கடைசல்காரராகவும் மின்வினைஞராகவும் பணியாற்றினர்.

ஆலையில் ஆறு நாளும் அரமும் அளவுகோலும் பிடித்த கை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கதவின் கீலைத் திருத்தியது. ஒரு நூலளவு பிசகினாலும் பொருந்தாது என்று ஆலையில் கற்ற ஒழுங்கு அவ்வாறு இல்லத்துக்குள்ளும் புகுந்தது. சம்பளம் வாங்காத ஆசிரியராகத் தந்தை அமைந்தார். சான்றிதழ் இல்லாத இந்தப் பள்ளியில் ஒரு தலைமுறையே படித்தது எனலாம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. கோலார் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. இந்துஸ்தான் இயந்திரக் கருவி நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூடுவதென்று 2016-இல் அரசு முடிவு செய்தது. அத்தொழிலாளரின் மக்களும் பேரப்பிள்ளைகளும் கணிப்பொறியின் முன் அமர்ந்து பணி செய்கின்றனர். தாத்தாவின் கருவிப் பெட்டி பரணில் கிடக்கின்றது. குழாய் சொட்டினால் கைப்பேசியில் சொல்லி ஆளை வரவழைக்கின்றோம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. வேலை தெரிந்தவருக்குக் கூலி கொடுப்பது நியாயமே. ஆனால் வந்தவர் செய்த வேலை சரியா என்று அறியவும், ஆள் வரும்வரை தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வைக்கவும் தெரியாத குடும்பம், ஆபத்து நேரத்தில் கைகட்டி நிற்க நேரிடும். இதனை எண்ணியே இந்தப் பழைய பாடத்தை மீண்டும் தொடங்க வேண்டும் என்கின்றோம்.

இப்பாடம் புத்தகத்தில் அடங்குவதில்லை. ஒரு திருகாணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை எழுத்தில் விளக்குவது கடினம். போதாமல் இறுக்கினால் ஆடும். மிகுதியாக இறுக்கினால் மரை அழியும். இரண்டுக்கும் நடுவேயுள்ள அளவு மணிக்கட்டுக்குத்தான் தெரியும். தந்தை இறுக்கியதைப் பிள்ளை தளர்த்திப் பார்த்து, மறுபடி இறுக்கிக் காட்டி, ‘இன்னும் கால் சுற்று’ என்று அவர் சொல்லக் கேட்டுத்தான் அந்த அளவு கைவரும்.

ஆகவே பழைய குடும்பங்களில் இப்பாடம் படிப்படியாகவே நடந்தது. ஏழெட்டு வயதுக் குழந்தை விளக்குப் பிடிக்கும்; கேட்ட கருவியை எடுத்துக் கொடுக்கும். கருவியின் பெயரும் அதன் பயனும் அப்போதே மனத்தில் பதிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வயதில், கழற்றிய உறுப்புகளை ஒரு துணியின்மேல் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைக்கும் வேலை தரப்படும். பூட்டும்போது அந்த வரிசையைத் திருப்பிப் பின்பற்றினால் போதும் என்பது சிறந்த பாடம். பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளை தானே வேலையைச் செய்யும். பெரியவர் அருகில் நின்று பார்ப்பார். இக்கடைசிப் படியில் பெற்றோர் தம் கையை அடக்கிக்கொள்வதே பெரிய கலை. ஐந்து நிமிட வேலைக்குப் பிள்ளை அரைமணி எடுத்துக்கொள்ளும். பொறுமை இழந்து கருவியைப் பிடுங்கினால் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

முதற் பாடத்துக்குத் தண்ணீர்க் குழாயே ஏற்றது. பழைய வகைத் திருகு குழாயில், கைப்பிடியைத் திருகும்போது உள்ளே ஒரு தண்டு கீழிறங்குகின்றது. அதன் நுனியிலுள்ள வாஷர் என்னும் வட்டில்லை நீர்வழியின் வாயில் அமர்ந்து அதனை அடைக்கின்றது. வாஷர் தேய்ந்தால் குழாய் சொட்டும். சொட்டுவதைக் கண்டு இன்னும் அழுத்தித் திருகுவது பலருடைய வழக்கம். அது தேய்ந்த வாஷரை மேலும் நசுக்கி, அமரும் வாயையும் கெடுத்துவிடும். முதலில் அக்குழாய்க்கு நீர் வரும் வழியிலுள்ள வால்வை மூட வேண்டும். பிறகு குழாயைத் திறந்து மிஞ்சிய நீரை வடிக்க வேண்டும். அதன் பின்னரே கழற்ற வேண்டும். இந்த வரிசையைப் பிள்ளை வாயால் சொல்லிய பிறகு ஸ்பானரைக் கையில் கொடுப்பது நலம். கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்கள் பலவற்றில் ரப்பர் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் வட்டுகள் உள்ளன. அவை பழுதானால் உள்ளுறுப்பை முழுமையாக மாற்றுவதே முறை. மரையில் வெள்ளை நாடா சுற்றும்போது, குழாயைத் திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகத் திருக நாடா அவிழ்ந்து வந்துவிடும்.

சொட்டுத் தண்ணீர்தானே என்று எண்ண வேண்டா. ஏறத்தாழ 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். விநாடிக்கு ஒரு துளி விழும் குழாய் ஒரு நாளில் நான்கு லிட்டருக்கு மேலும், ஓர் ஆண்டில் 1,500 லிட்டருக்கு மேலும் வீணாக்கும். பெங்களூருக்குக் காவிரி நீர் 1974-ஆம் ஆண்டு முதல் வருகின்றது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு, இயந்திரங்களால் ஏற்றப்பட்டு வரும் நீர் அது. 2024-ஆம் ஆண்டு கோடையில் நகரம் தண்ணீர்ப் பஞ்சத்தால் வாடியபோது, வணிக இடங்களிலும் அடுக்கு வீடுகளிலும் குழாய் வாயில் நீரைக் குறைத்துத் தரும் சல்லடை மூடி பொருத்த வேண்டும் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டது. அத்தகைய நகரில் வாஷர் மாற்றத் தெரிவது, வீட்டுக்கும் ஊருக்கும் ஒருங்கே செய்யும் தொண்டாகும்.

இரண்டாம் பாடம் மழைநீரைப் பற்றியது. பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் மாலைநேர இடிமழை பெய்யும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பெருமழை உண்டு. இதற்கு முன்னரே மாடிக்குச் சென்று, நீர் வடியும் துளைகளில் அடைத்த சருகையும் மண்ணையும் அகற்றிவிட வேண்டும். இதற்குக் கருவியே வேண்டியதில்லை. ஆனால் கசிவுகளில் பல இந்த ஒரு வேலையைச் செய்யாததால் வருபவை. ஒழுகல் தோன்றியபின் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு: நீர் சொட்டும் இடமும் நீர் புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இரா. ஓட்டு வீட்டில் மேலே உடைந்த ஓட்டின் வழியே புகுந்த நீர், சட்டத்தின்மேல் ஓடி, நான்கு முழம் தள்ளிச் சொட்டும். கண்ட இடத்தைப் பூசாமல் காரணத்தைத் தேடிச் செல்லும் பழக்கம் அங்கேதான் பிறக்கின்றது. அப்பழக்கம் பிற்காலத்தில் மருத்துவருக்கும் பொறியாளருக்கும் கணிப்பொறி வல்லுநருக்கும் பயன்படுவதன்றோ!

பெங்களூரின் பழைய வீடுகளில் மங்களூர் ஓடு வேய்ந்தவை பல. பாசல் மிஷனார் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு அது. மரக்கட்டைகளின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட ‘மெட்ராஸ் தளம்’ அமைந்த வீடுகளும் உண்டு. சுண்ணாம்புத் தளத்தின் விரிசலைச் சிமெண்டால் அடைப்பது பொருந்தாது. சிமெண்டு விறைப்பானது, சுண்ணாம்பு வெயிலுக்கும் குளிருக்கும் சற்று இசைந்து கொடுப்பது, உள்ளிருக்கும் ஈரத்தையும் வெளிவிடுவது. இரண்டும் பிரிந்து பழைய விரிசல் மீண்டும் தோன்றும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து என்று பழைய கொத்தர்கள் அறிந்திருந்தார்கள்.

மூன்றாம் பாடம் மின்சாரம். இதில் கற்பிக்க வேண்டியது வேலையைவிட எல்லையே ஆகும். சிவசமுத்திரத்தில் உண்டான மின்சாரம் 1902-இல் கோலார் தங்கச் சுரங்கத்துக்கும், 1905-இல் பெங்களூர் நகரத்துக்கும் வந்தது. அன்று முதல் அது நம் வீட்டு வேலையாளாகவும், அசட்டையாக இருப்போருக்குக் கூற்றுவனாகவும் இருந்து வருகின்றது. பழைய வீடுகளில் பீங்கான் பிடிக்குள் பியூஸ் கம்பி இருக்கும். ஓட்டம் மிகுந்தால் அக்கம்பி தான் உருகி வீட்டைக் காக்கும். அது அடிக்கடி அறுந்துபோகின்றது என்று சினந்து, தடித்த செம்புக் கம்பியை இட்டு முறுக்குவோர் உண்டு. அது காவற்காரனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைத்து உறங்குவதற்கு ஒப்பாகும். இன்றைய வீடுகளில் பியூசுக்குப் பதிலாகத் தானே விழும் சுவிட்சு உள்ளது. அதனுடன், மின்கசிவை உணர்ந்து உடனே ஓட்டத்தை அறுக்கும் கருவியும் இருத்தல் வேண்டும். உயிர்காக்கும் பொருட்டு வீடுகளில் வைக்கும் இக்கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழும்படி அமைந்தது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பது பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க பொறுப்பு.

மெயின் சுவிட்சு எங்கே உள்ளது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அதை அணைத்தவுடன் ஓட்டம் நின்றுவிட்டது என்று நம்பிவிடலாகாது. இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் மெயினை அணைத்த பிறகும் மின்கலத்திலிருந்து சில அறைகளுக்கு ஓட்டம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே இன்வெர்ட்டரையும் நிறுத்தி, ஓட்டம் இல்லை என்பதைச் சோதித்தறிந்த பின்னரே ஒரு பல்பு மாட்டியையும் தொட வேண்டும். மூன்று முனைச் செருகியில் தரைமுனை மட்டும் நீண்டிருப்பது ஏன் என்று பிள்ளையைக் கேட்கலாம். அது முதலில் சேர்ந்து கடைசியில் பிரிவதால், கருவி இணைந்திருக்கும் நேரமெல்லாம் காவல் உண்டு. அம்முனையை ஒடித்துவிட்டு இரு துளைப் பொருத்தியில் செருகுவது எவ்வளவு பிழை என்பது அப்போது தானே விளங்கும். சுவருக்குள் ஓடும் கம்பியும், மீட்டர் பெட்டியும் உரிமம் பெற்ற மின்வினைஞருக்கு உரியவை. அங்கே நம் கை செல்லலாகாது.

சமையல் எரிவாயுவும் அவ்வாறே. நாற்றம் தெரிந்தால் ரெகுலேட்டரை மூடிச் சன்னல்களைத் திறக்க வேண்டும். எந்தச் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. வெளியே வந்து 1906 என்னும் அவசர எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள் எவரும் தனியே இறங்கலாகாது. மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுக்குரிய காற்று குறைந்திருக்கும். ‘இதனை நாம் செய்வதில்லை’ என்று தந்தை ஒரு பழுதின் முன் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நின்றால், அந்தக் காட்சியும் பிள்ளைக்கு ஒரு பாடமே.

பெற்றோர் என்றால் தந்தை மட்டுமல்லர். அம்மி கொத்துவதற்கு ஆள் வரும்போது எந்த அளவுக்குக் கொத்த வேண்டும் என்று சொன்னவர் தாய். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, நூலின் இறுக்கத்தைத் திருகிச் சரிசெய்தவரும் தாயே. பிரஷர் குக்கரின் ஆவித்துளையைச் சமைக்குமுன் வெளிச்சத்தில் பார்த்துச் சுத்தம் செய்வதும், காப்பு வால்வு உருகினால் அதே நிறுவனத்தின் வால்வையே பொருத்துவதும் அவருடைய கல்வி. ஆயினும் சுத்தியலையும் திருப்புளியையும் பெண்மக்கள் கையில் கொடுக்கத் தயங்கும் வழக்கம் நம்மிடையே இருந்தது. இன்று பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் நம் பெண்கள் தனியே அறை எடுத்துத் தங்கிப் பணியாற்றுகின்றனர். தாழ்ப்பாள் ஆடும்போது தானே அதை இறுக்கிக்கொள்ளத் தெரிந்த பெண்ணுக்கு அது பாதுகாப்பும் ஆகும். மகனுக்குக் கற்பித்ததை மகளுக்கும் கற்பிப்போமாக.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இப்பாடத்தால் மற்றொரு நன்மையும் உண்டு. சுத்தியல், உளி, அரம், குறடு, கீல், ஆப்பு, தாழ்ப்பாள், மட்டப்பலகை, தூக்குக்குண்டு முதலிய தமிழ்ச் சொற்களை நம் பிள்ளைகள் பள்ளியில் கேட்பதில்லை, கடையிலும் கேட்பதில்லை. பெற்றோருடன் வேலை செய்யும் பொழுதில்தான் அவை காதில் விழும். அந்த வேளை இல்லையேல் ஒரு தலைமுறைக்குள் அவை மறைந்துவிடும். அதே நேரத்தில் அண்டை மொழியின் உறவும் இங்கே புலப்படுகின்றது. சுத்தியலைக் கன்னடத்தில் ‘சுத்திகெ’ என்பர். உளி அங்கும் உளியே. அரம் அங்கே ‘அர’. ஆணிக்கு ‘மொளெ’ என்றும், ரம்பத்துக்குக் ‘கரகஸ’ என்றும் வேறு பெயர்கள் வழங்குகின்றன. வீட்டில் தமிழ்ச் சொல்லையும் கடையில் கன்னடச் சொல்லையும் கூறத் தெரிந்த பிள்ளை, இரு வீட்டுக்கும் உறவினனாக விளங்குவான்.

கைவேலையைக் கல்வியுடன் சேர்க்க வேண்டும் என்பது உலகம் கண்ட உண்மை. பின்லாந்து நாட்டில் ஊனோ சிக்னேயஸ் என்னும் கல்வியாளரின் முயற்சியால் 1866-ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பாடத்தில் கைத்தொழில் இடம்பெற்றது. 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் தொழில்வழிக் கல்வியை வற்புறுத்தினார். அண்மைக் காலத்தில், 2009-ஆம் ஆண்டில், மார்ட்டீன் போஸ்ட்மா என்னும் அம்மையார் ஆம்ஸ்டர்டாம் நகரில் ‘ரிப்பேர் கஃபே’ என்னும் கூட்டத்தைத் தொடங்கினார். பழுதான பொருளை எடுத்து வருபவர், அதனைச் சீர்செய்யத் தெரிந்தவருடன் அமர்ந்து, பார்த்தும் கேட்டும் கற்றுக்கொள்வார். பெங்களூரில் பூர்ணா சர்க்கார், அந்தரா முகர்ஜி ஆகிய இரு பெண்மணிகள் 2015-இல் இத்தகைய அமைப்பை நிறுவினர். இந்திய அரசும் 2022-ஆம் ஆண்டு டிசம்பரில், பழுது நீக்கிக்கொள்ளும் உரிமைக்கென ஓர் இணைய வாயிலைத் திறந்தது. வீட்டில் நின்றுபோன பாடத்தை ஊர் கூடி நடத்த வேண்டிய காலம் வந்திருப்பதை இவை காட்டுகின்றன. ஆனால் ஒரே மேசையில் நாள்தோறும் உண்ணும் பெற்றோரும் பிள்ளையும் இருக்கும்போது, அப்பாடத்துக்கு வீட்டைவிட ஏற்ற இடம் வேறில்லை.

இதனைத் தொடங்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. சுத்தியல் ஒன்று, தட்டை முனையும் நட்சத்திர முனையும் கொண்ட திருப்புளிகள் இரண்டு, குறடு ஒன்று, திருகி அளவு மாற்றும் ஸ்பானர் ஒன்று, அரம், அளவு நாடா, வெள்ளை நாடா, சிறிய எண்ணெய்க் குப்பி ஆகியவை ஒரு தகரப் பெட்டியில் இருந்தால் போதும். வாடகை வீட்டில் இருப்போர் சுவரைத் துளையிடுமுன் வீட்டுக்காரரின் இசைவைப் பெறுதல் முறை. முதலில் எளிய வேலை ஒன்றைத் தேர்ந்துகொள்க. முனகும் கதவுக் கீலுக்கு எண்ணெய் இடலாம். ஆடும் நாற்காலியின் திருகாணியை இறுக்கலாம். ஊரிலிருந்து தாத்தாவோ பாட்டியோ வந்திருந்தால் அவர்களையும் அருகில் அமர்த்திக்கொள்க. அவர்கள் அறிந்தவை இன்னும் பல, அவற்றைக் கேட்டறியும் காலம் நெடிதன்று.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பரணிலுள்ள அந்தப் பெட்டியை இறக்குங்கள். துருவைத் துடையுங்கள். ஒவ்வொரு கருவியின் பெயரையும் சொல்லிப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சொட்டும் குழாய் எங்கே என்று அப்பிள்ளையே தேடிச் சொல்லட்டும்.